கை நனைக்காத மாமா

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரத்தைச் சுடுகிறவள் அம்மா. அதற்குக் காவல் இருக்கிறவள் அத்தை. திருடித் தின்கிறவர் அப்பா. துப்புத் துலக்குகிறவள் நான். டிசம்பர் பிறந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். யார் வாயோரத்தில் மாவு ஒட்டியிருக்கிறது, யார் விரலில் எண்ணெய் வாசம் அடிக்கிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்குப் பண்டிகை வந்துவிட்டதற்கு அடையாளம். சமாதானப் பிரபு பிறக்கிற மாதத்தில் ஒரு வீட்டுக்குள் இத்தனை சந்தேகமா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? சந்தேகப்படாத கிறிஸ்துமஸ் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அத்தனை கிறிஸ்துமசும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருசம் முந்தி நடந்தது இது. மதுரை ஸ்டேஷனுக்கு மேற்கே ரயில்வே குடியிருப்பில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அவருடைய அக்காதான் அத்தை. சின்ன வயதிலேயே புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். வரும்போது கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று, முந்திரிக்கொத்து செய்கிற கைப்பக்குவம். இன்னொன்று, பூட்டுப் போட்ட பெரிய தகர டின். அந்த டின்னின் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. குளிக்கப் போகும்போது அதை எங்கே வைப்பாள் என்று இரண்டு வருசம் ஆராய்ந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்பா செய்கிற வேலை நட்சத்திரம் கட்டுவது. மூங்கில் சிம்புகளைச் சீவி, நூல் போட்டுக் கட்டி, கலர்க் காகிதம் ஒட்டி, உள்ளே ஒரு சின்னச் சிம்னி விளக்கை வைத்து வாசலில் தொங்கவிடுவார். ஒட்டி முடிக்கிறவரை வாசல் கதவைச் சாத்தியே வைத்திருப்பார். எதிர் வரிசையில் இருந்த எஞ்சின் டிரைவர் தன்னுடைய நட்சத்திரத்தைப் பார்த்து அதைவிடப் பெரிதாகக் கட்டிவிடுவார் என்று பயம். அந்த மனுசன் தன் வாசலில் நின்று பல் துலக்கினால்கூட, "பாரு, வேவு பாக்குறான்" என்பார். வருசம் தவறாமல் ஒரு நாள் காற்று அடித்து விளக்கு சாய்ந்து காகிதம் பற்றிக்கொள்ளும். காற்றின் மேல் அவர் பழி போட்டதே கிடையாது.

அண்டை வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவது என் வேலை. பின்னல் துணி போட்டு மூடிய தட்டை வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகத்தான் உள்ளே போவார்கள். திரும்பி வரும்போது தட்டில் கொஞ்சம் சர்க்கரையோ இரண்டு பழமோ இருக்கும். ஆனால் அத்தைக்கு நிம்மதி வராது. "வேதக்காரன் வீட்டுப் பண்டத்த இவளுவ திம்பாளுவன்னா நெனைக்கே? கோழிக்குப் போட்டுருப்பாளுவ. போய்ப் பாத்துட்டு வாட்டி" என்று என்னை விரட்டுவாள். நானும் போய், பக்கத்து வீட்டுக் கோழிகளை ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு முறுக்கைத் தின்ற கோழி அலகு உடைந்து கிடக்க வேண்டும். அதுகள் நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அதனால் அந்த வீட்டுக்காரர்களை நான் விடுதலை செய்துவிட்டேன்.

பண்டிகை அன்று இருட்டோடு எழுப்பித் தலைக்கு ஊற்றி, கஞ்சி மொடமொடக்கும் புதுப் பாவாடையைக் கட்டிவிடுவார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது லேசாகப் பனி விழும். வீட்டுக்கு வந்ததும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். கறிக்கடைக்காரர் இந்த வருசமும் எலும்பைத் தள்ளிவிட்டார் என்று அப்பா சொல்வார். எலும்பு போக மிச்சத்தை அப்பா அடுப்படியிலேயே முடித்துவிட்டார் என்று அத்தை சொல்வாள். குழம்பு வாசத்தோடு இந்தச் சண்டையும் சேர்ந்தால்தான் எனக்கு இட்லி இறங்கும்.

ஆனால் இவையெல்லாம் சில்லறைச் சந்தேகங்கள். எங்கள் வீட்டில் வருசம் பூராவும் அணையாமல் புகைந்த சந்தேகம் ஒன்றுதான். அது என் தாய்மாமனைப் பற்றியது.

அம்மா பிறந்த ஊர் சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஊர் ஸ்டேஷனில்தான் இருந்தார். மாமா வெற்றிலைக் கூடைகளைக் கொண்டுவந்து ரயிலில் ஏற்றுவார். அவருக்குக் கஞ்சி கொண்டுவருகிறவள் அம்மா. "கூடைக்கு ரசீது எழுதுன தம்பி, கூடைக்காரன் தங்கச்சியையும் சேத்து எழுதிட்டான்" என்று அத்தை கேலி செய்வாள். கல்யாணம் மதுரையில் எங்கள் வேதக்கோயிலில் நடந்தது. அன்றோடு அம்மாவின் வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அவளுடைய தகப்பனார் செத்ததற்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. காரியம் எல்லாம் முடிந்து பல நாள் கழித்து, யாரோ ரயிலில் வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்ததாம்.

அதற்கப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் அன்று காலையில், யாரும் எதிர்பாராமல் மாமா வந்து வாசலில் நின்றிருக்கிறார். தலையில் ஒரு கூடை. கூடையில் வெற்றிலைக் கவுளி, தேங்காய், வாழைத்தார், மண்டை வெல்லம். அண்ணன் தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். வேதத்தில் சேர்ந்தவளுக்குப் பொங்கல் ஏது என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, அந்தச் சீரை அவளுடைய பண்டிகைக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து வருசம் தவறவில்லை. அப்போது நான் கைக்குழந்தை. எனக்கு விவரம் தெரிந்தபோது மாமா வருவதும் கிறிஸ்துமசில் ஒரு சடங்காகிவிட்டிருந்தது. வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்ன மருமகளே, சொகமா?" என்பார். கதவை ஒட்டிக் கிடக்கும் நாற்காலியின் நுனியில் உட்காருவார்.

வந்தவர் சாப்பிட மாட்டார். அதுதான் எல்லாச் சந்தேகத்துக்கும் வித்து.

அம்மா அன்றைக்கு இருக்கிற இலைகளிலேயே நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து அவருக்கென்று எடுத்து வைத்திருப்பாள். "அண்ணே, ரெண்டு வாய் சாப்புட்டுப் போண்ணே" என்று கெஞ்சுவாள். எங்களிடம் ரயில்வே வீட்டுப் பேச்சுப் பேசுகிற அம்மாவுக்கு, மாமாவைக் கண்டதும் சோழவந்தான் பேச்சு தானாக வந்துவிடும். மாமா, "வேணாம்த்தா, வார வழியில கடையில இட்லி தின்டேன். வயிறு திம்முன்னு இருக்கு" என்பார். அடுத்த வருசம் பல்வலி. அதற்கடுத்த வருசம் சஷ்டி விரதம். அத்தை என்னைப் பக்கத்து வீட்டுக்கு ஓடவிட்டுப் பஞ்சாங்கம் பார்த்து வரச் சொன்னாள். அன்றைக்குச் சஷ்டியும் இல்லை, சட்டியும் இல்லை. செம்பில் தண்ணீர் கொடுத்தால்கூடத் தொடமாட்டார். தாகமில்லை என்று விடுவார். சோழவந்தானிலிருந்து கூடை சுமந்து வந்த மனுசனுக்குத் தாகம் இல்லையாம்!

ஆனால் பலகார மூட்டையை மட்டும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அம்மா வெள்ளைத் துணியில் அதிரசம், முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் வைத்துக் கட்டித் தருவாள். அதை இரண்டு கையாலும் வாங்கிக் கூடைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "அப்ப வாரேன்த்தா" என்று கிளம்பிவிடுவார். அவர் ஊர் வழியாகப் போகிற திண்டுக்கல் பாசஞ்சர் வர வெகுநேரம் இருக்கும். இருந்தாலும் அவசர அவசரமாகப் போவார். அவர் தலை மறைந்ததும் அம்மா அந்த இலையை எடுத்து மடித்துக் குப்பையில் போடுவாள். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருவாள். தன் அண்ணன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் கையால் ஆக்கியதைச் சாப்பிட்டுவிட்டால் போதும், தன்னைப் பெற்றவர்கள் தன்னை மன்னித்துவிட்டதாக எண்ணிக்கொள்வேன் என்று ஒருமுறை என்னிடமே சொன்னாள். எனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அத்தைக்கு இதெல்லாம் பொறுக்காது. "என் தம்பி வீட்டுச் சோறு அவியளுக்கு எளக்காரம். நாற்காலியில உக்காந்தா தீட்டு இல்ல, சோறு தின்னா தீட்டு. அந்த மூட்டைய வீட்டுக்குக் கொண்டுபோவாவன்னா நெனைக்கே? மாட்டுத் தொட்டியிலதான் போடுவாவ."  அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகத் தேய்ப்பாள்.

எனக்கு என் சொந்தக் கட்சி ஒன்று இருந்தது. ஸ்டேஷன் வாசலில் இருக்கிற சோடாக் கடைக்காரரிடம் மாமா மூட்டையை விற்றுவிடுகிறார் என்று நான் நினைத்தேன். இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு வருசம் நேரடியாகவே விசாரித்தேன். "மாமா, பலகாரத்தை யாரெல்லாம் சாப்பிட்டாங்க?" அவர் திடுக்கிட்டதை என் கண்ணால் பார்த்தேன். "எல்லாரும்தான் மருமகளே. வீட்டுல பிள்ளைக அடிச்சுப் பிடிச்சுத் தின்னுச்சுக" என்றவர், "இந்தப் புள்ள போலீசுக்குத்தான் லாயக்கு" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சரியாக இல்லை. என்ன சரியில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டால், "சும்மா கெட" என்பார். மாமா விஷயத்தில் அப்பா வாயே திறப்பதில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

கடைசியில் அத்தை ஒரு பொறி வைத்தாள்.

முந்திரிக்கொத்து செய்வது கொஞ்சம் நீண்ட வேலை. பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, எள்ளும் தேங்காயும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருண்டை பிடித்து, அந்த உருண்டைகளை அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் போட வேண்டும். அந்த வருசம் எல்லாம் சுட்டு முடித்த பிறகு, அம்மா கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்து, அத்தை ஒரு கிண்ணத்தில் தனியாகக் கரைசல் கலக்கினாள். அதில் ஒரு கை நிறைய உப்பை அள்ளிப் போட்டாள். மிச்சம் இருந்த உருண்டைகளை அதில் தோய்த்துச் சுட்டு எடுத்தாள். பார்க்க மற்றதைப் போலவே பொன்னிறமாக இருந்தது. நான் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு ஓடிப்போய்த் துப்பினேன். நாக்கு கரித்துக்கொண்டே கிடந்தது.

"வாயத் தொறந்தே, தோல உரிச்சிருவேன்" என்றாள் அத்தை. "இது உங்க மாமன் மூட்டைக்கு. அடுத்த வருசம் வருவாவல்லா, எப்படி இருந்துதுன்னு கேப்பேன். தின்ன மனுசன் உப்புன்னு சொல்லணும். தின்னாத மனுசன் இனிப்புன்னு சொல்லுவாவ. நம்ம சந்தேகம் தீந்துரும்."

எனக்கு அத்தையின் மூளையைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. இவள் அல்லவா போலீசுக்குப் போயிருக்க வேண்டும்! அம்மா மூட்டை கட்டும்போது உப்புக் கொத்துகளை அத்தையே எடுத்துக் கொடுத்தாள். மாமா வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் நாங்கள் ஒரு வருசம் காத்திருந்தோம். சும்மா இல்லை, அந்த வருசம் முழுவதும் அத்தையும் நானும் எதிரே வந்தால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொள்வோம்.

அடுத்த கிறிஸ்துமசுக்கு மாமா வந்தார். கூடையை இறக்கினார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். அம்மா உள்ளே இருந்தாள். அத்தை மெதுவாக நிலைப்படியில் வந்து சாய்ந்துகொண்டு, தேன் ஒழுகக் கேட்டாள்: "போன வருசம் குடுத்த கொத்து எப்படி இருந்துது?"

"அதைக் கேக்கணுமா? கருப்பட்டி அம்புட்டுத் தித்திப்பு. கை மணம்னா எந்தங்கச்சி கை மணந்தான்" என்றார் மாமா, முகம் மலர.

அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நேரே அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். நடந்தது எல்லாவற்றையும் அத்தை அம்மாவிடம் ரகசியக் குரலில் கொட்டித் தீர்த்தாள். உப்புப் போட்டது, நான் கடித்துத் துப்பியது, இப்போது மாமா தித்திப்பு என்று சொன்னது, எல்லாம். "உங்க அண்ணன் ஒரு துண்டு வாயில வச்சிருந்தா இந்தப் பேச்சு வருமா? நீயே சொல்லு."

அம்மா கையில் கரண்டியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் இருந்த நல்ல நாள் களை போய்விட்டது. அத்தையைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அடுப்பிலிருந்த குழம்பைக் கிண்டினாள். தலைவாழை இலையை எடுத்து, அவர் கிளம்புவதற்கு முன்பே மடித்து மூலையில் போட்டாள்.  சந்தேகம் சரியாகிவிட்டால் சந்தோசமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

வெளியே மாமா கொஞ்சநேரம் அப்பாவோடு வெற்றிலை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா வந்து சாப்பிடச் சொல்லவில்லை. மூட்டையும் வரவில்லை. மாமா எழுந்து நின்றார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஆத்தா, வாரேன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "சரிண்ணே" என்று அம்மாவின் குரல் மட்டும் வந்தது. வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். மூட்டையை ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்கலாமே! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதுதான் என்று நான் முடிவு கட்டினேன்.

அம்மா கொஞ்சநேரம் அடுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்து தூக்குவாளியை எடுத்துக் கழுவினாள். சுடுசோற்றை அள்ளிப் போட்டாள். கறிக்குழம்பை ஊற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார் அப்பா.

"எங்கண்ணன் இன்னைக்கு என் கண்ணு முன்னால இந்தச் சோத்தத் திங்கணும். இல்லாட்டி எனக்கு அண்ணன்னு ஒருத்தர் கெடையாது. அடுத்த வருசம் இந்த வாசல மிதிக்க வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

"நல்ல நாளும் அதுவுமா…" என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா தெருவில் இறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வெயில் ஏறியிருந்தது. புதுப் பாவாடை காலில் தட்டியது. அம்மா அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. சோடாக் கடையைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். மாமா இல்லை.

பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் கல் பெஞ்சு. பக்கத்தில் ஊருக்குத் திரும்பிப் போகிற காலி வெற்றிலைக் கூடைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கூடைகளுக்குப் பின்னால் வந்தபோது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கூடைச் சந்து வழியாக மாமா தெரிந்தார். பெஞ்சில் துண்டை விரித்து, அதன் மேல் கிழிந்த வாழை இலை ஒன்றைப் போட்டு, வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சிவப்புச் சட்டை போட்ட வயசான போர்ட்டர் ஒருவர் பீடியோடு வந்து அவர் பக்கத்தில் குத்தவைத்தார். "என்னண்ணே, எலையப் போட்டுட்டு வெறுமனே உக்காந்திருக்கீக? தங்கச்சி வீட்டு மூட்டை எங்க?"

"தங்கச்சிக்கு ஒடம்பு சொகமில்லப்பா. இந்த வருசம் ஒண்ணும் சுடல" என்றார் மாமா.

வாயைத் திறந்தால் பொய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் அசையவில்லை.

"போன வருசம் மாதிரி ஒளிச்சு வச்சுட்டீகளோன்னு பாத்தேன்" என்று போர்ட்டர் சிரித்தார். "வருசா வருசம் இந்த எடத்துல உக்காந்து எனக்கும் ஒரு பங்கு குடுத்துட்டுத் திம்பீக. போன வருசம் மட்டும் அந்த உருண்டைய ஒண்ணுகூடக் கண்ணுல காட்டல. தண்ணியக் குடிச்சுக் குடிச்சு ஒத்தையாளா முழுங்குனீகளே! அம்புட்டு ருசியா அது?"

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "ருசியாவது? ஒரே உப்புக் கரிப்புப்பா. பாவம், கை தவறிப் போட்டிருச்சு. ஒனக்கு ஒண்ணு குடுத்தா நீ என்ன செய்வ? பார்சல் ஆபீசுக்காரர் வீட்டம்மாவுக்குப் பலகாரம் சுடத் தெரியலன்னு நாலு பேருகிட்டச் சொல்லுவ. எந்தங்கச்சிய எவனும் கொற சொல்ல நான் எடங்குடுப்பனா? அதான் ஒண்ணு விடாம நானே தின்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனாலும் இதே கததான். எது கெடைக்கும்னு அவள ஏச ஆளாளுக்குக் காத்துக்கிட்டிருக்காக."

அம்மா என் கையை விட்டாள். கூடைகளைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். மாமா பதறி எழுந்து, களவு செய்தவரைப் போல இலையைச் சுருட்டினார். போர்ட்டர் ஆளைப் புரிந்துகொண்டு பீடியை எறிந்துவிட்டு நகர்ந்தார்.

"அண்ணே" என்றாள் அம்மா. தூக்குவாளியைப் பெஞ்சில் வைத்தாள். "என் கைப் பலகாரம் எறங்குற தொண்டையில என் கைச் சோறு ஏன் எறங்கல? எதா இருந்தாலும் இன்னைக்குச் சொல்லிரு."

மாமா தரையைப் பார்த்தார்.  "அய்யா சாகக் கெடக்கையில என்னையக் கூப்புட்டாரு. கட்டில்ல கெடந்தபடியே சூடத்தக் கொளுத்தச் சொல்லி, என் கையால அணைக்கச் சொன்னாரு. ஒன்னப் பாக்கப் போகாதன்னு சத்தியம் கேப்பாருன்னு பயந்தேன். அதக் கேக்கலத்தா. அவ ஆக்குன சோத்துல ஒன் கை நனையக்கூடாது, குலசாமி கருப்பன் மேல ஆணைன்னு சத்தியம் மட்டும் வாங்கிட்டுக் கண்ண மூடிட்டாரு. பலகாரம் காஞ்ச பண்டம். அதுல கை நனையாதுல்ல? ஆனா ஒன் வீட்டுல உக்காந்து அதத் தின்னா, சோத்தையும் தின்னுன்னு நீ அழுவ. அழுதா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. அதான் எடுத்துக்கிட்டு ஓடியாந்துருவேன்."

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவரைக் கை நனைக்காமல் போகாதீர்கள் என்று மறிப்பார்கள். அது ஒரு பேச்சு. மாமா அந்தப் பேச்சை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ச் செம்பைத் தொட்டால்கூடச் சத்தியம் நனைந்துவிடும் என்று இத்தனை வருசம் வறண்ட தொண்டையோடு போயிருக்கிறார்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஏதோ கணக்குப் போடுகிறவளைப் போல அவரையே பார்த்தாள்.

"கை நனையாதுன்னுதான சொன்ன?"

"ஆமாத்தா."

"வாய் நனையாதுன்னு சொன்னியா?"

மாமா விழித்தார். "இல்ல."

அம்மா குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வாளியைத் திறந்தாள். குழம்பில் ஊறிய சோற்றைப் பிசைந்து, ஒரு துண்டுக் கறியை உள்ளே வைத்து, உருண்டை பிடித்தாள்.

"ஒக்காரு. ஒன் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்க."

"ஏத்தா, ஊரு பாக்குது…"

"பாக்கட்டும். கையக் கட்டு."

நரைத்த மீசை வைத்த அந்தப் பெரிய மனுசன், மதுரை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், அத்தனை ஜனங்களும் பார்க்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். அம்மா ஊட்டினாள். அவர் மென்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றார். முழுங்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அம்மா அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

கருப்பன் இதை ஒப்புக்கொள்வானா என்று எனக்கு அப்போதும் சந்தேகமாகத்தான் இருந்தது. அதனால் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் கையில் ஒரு சொட்டாவது விழுகிறதா என்று காவல் பார்த்தேன். விழவில்லை. மீசையில் ஒரு பருக்கை ஒட்டியது. அதைத் தட்டிவிடக்கூட அவர் கையை எடுக்கவில்லை. அம்மாதான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

திண்டுக்கல் பாசஞ்சர் வந்து நின்றது. வெற்றிலைக் கூடைகளை ஏற்றினார்கள். கார்டு கொடியைக் காட்டினார். மாமா எழுந்திருக்கவில்லை. வாளியில் இன்னும் சோறு இருந்தது.